தலை போன வரவேற்புரை

ஒரு மனிதனை வேலையை விட்டுத் துரத்த ஆயிரம் காரணம் சொல்லலாம். யுவனேஸ்வரனைத் துரத்தக் கிடைத்த காரணம், வானொலியில் ஒரு வரவேற்புரை '...குலராஜ் அவர்களே' என்று ஆரம்பித்ததுதான்.

மலாக்கா டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ராகினி துப்பறியும் நிலையம். காலை ஒன்பது மணிக்கு யுவனேஸ்வரன் அங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்து அழுதுவிடாமல் சமாளித்துக்கொண்டிருந்தான். எதிரே ராகினி. ஓரத்தில் அவளுடைய உதவியாளர் மிக்கேல்ராஜ். ஐம்பது வயது. இருபது வருஷம் சுற்றுலா பஸ் ஓட்டியவர். பஸ்ஸுக்குப் பிரேக் இருந்தது, வாய்க்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

"கிளேபாங்ல 'கரையோரக் குரல்' இணைய வானொலியில சவுண்டு பாக்குறேன்க்கா," என்றான் யுவனேஸ்வரன். "போன ஞாயித்துக்கிழமை சுங்கை ரம்பாய் நலச் சங்கத்து ஆண்டுவிழா வரவேற்புரையைப் போட்டோம். மொத்தம் இருபத்து மூணு நிமிஷம். ஆனா ஒலிபரப்புல ஒம்பது நிமிஷம்தான் வந்துச்சு. முதல் பதினாலு நிமிஷத்தைக் காணோம்."

"அந்தப் பதினாலு நிமிஷத்துல என்னா இருந்துச்சு?"

"அவர்களே."

"யாரு அவங்க?" என்றார் மிக்கேல்ராஜ்.

"ஆள் இல்லண்ணே. மாண்புமிகு அவர்களே, மதிப்புமிகு அவர்களே, முன்னாள் தலைவர் அவர்களே, அவரோட மனைவி அவர்களே... அது மட்டும் பதினாலு நிமிஷம். அதுல டத்தோ பெரியதம்பி பேரு ஏழு தடவை."

டத்தோ என்ற அரசுப் பட்டம் பெற்ற பெரியதம்பி அந்த வானொலியின் புரவலர். நிலையம் இருக்கிற மாடியும் அவருடையதுதான், வாடகை வாங்காமல் விட்டிருக்கிறார். ஞாயிறன்று சம்பந்தி குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு, "இப்ப கேளுங்க" என்று பெருமையோடு ஒலியைக் கூட்டியிருக்கிறார். ஏழு தடவையில் ஒன்றுகூட வரவில்லை. நாற்காலி அடுக்கித் தந்த கோகுலராஜுக்கு மட்டும் வணக்கம் வந்தது, அதுவும் பாதிப் பெயரில். சம்பந்தியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை டத்தோ கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னைக்கு நாலு மணிக்கு டத்தோ வர்றாரு. நான்தான் வேணும்னே வெட்டினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போகணுமாம். வேலை போனாலும் பரவால்லக்கா. செய்யாத வேலைக்குக் கெட்ட பேரு எடுத்துட்டு, இந்த ஊர்ல எந்த மைக்கைப் போய்த் தொடுறது?"

"உன்மேல ஏன் சந்தேகம்?" ராகினி கேட்டாள்.

யுவனேஸ்வரன் தலையைக் குனிந்தான். "போன வருஷ விருந்துல, 'இந்த அவர்களேயை எல்லாம் வெட்டிப் போட்டாதான் நாடு உருப்படும்'னு சொன்னேன். மைக்கு ஆன்ல இருந்துச்சு."

"சவுண்டு பாக்குற பையனுக்கு மைக்கு ஆன்ல இருந்தது தெரியல," என்றார் மிக்கேல்ராஜ். "மேடம், கேஸ் முடிஞ்சது. வாங்க, நாசி லெமாக் சாப்பிடுவோம்."

ராகினி காதில் விழாததுபோல அந்தப் பதிவை மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அது 'குலராஜ் அவர்களே, நாற்காலிகளை அடுக்கித் தந்த தங்களுக்கும் வணக்கம்' என்றே திடுதிப்பென்று தொடங்கியது.

"அண்ணே, இதுல 'கோ'வைக் காணோமே."

"பதினாலு நிமிஷத்தையே காணோம். 'கோ'வா பெருசு?"

"முடி வெட்டுறவரு பாதி மீசையோட ஆளை அனுப்புவாரா? வெட்டத் தெரிஞ்சவன் பேருக்கு நடுவுல வெட்ட மாட்டான்."

யுவனேஸ்வரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் வெட்டினா மூச்சுச் சத்தம்கூடக் கேக்காதுக்கா! வெட்டின இடமே தெரியாது!"

"தம்பி," என்றார் மிக்கேல்ராஜ், "இதை டத்தோ முன்னாடி சொல்லிடாதே லா."

பத்தரை மணிக்கு மூவரும் கிளேபாங்கில் இருந்தார்கள். கீழே தேங்காய் ஷேக் கடையில் கூட்டம் நெரிந்தது. மேலே வானொலி நிலையத்தில் நிர்வாகி திலகவதி வாசலிலேயே கைகூப்பி நின்றாள். டத்தோவின் பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்கிற பழக்கம் அவளுக்கு. உட்கார்ந்தபடி பேச அவளுக்கு வாய்ப்பு கிடைப்பது குறைவு.

"தலை போன நிகழ்ச்சி இது மட்டும்தானா?" ராகினி கேட்டாள்.

திலகவதி தயங்கினாள். பிறகு ஒரு நோட்டைத் திறந்தாள். மூன்று மாதமாக நேயர்கள் அனுப்பிய முறையீடுகள், அந்தந்த நிகழ்ச்சி வந்து சேர்ந்த தேதியோடு அதில் இருந்தன. இறால் சம்பால் சமையல் குறிப்பு 'இப்போது இறக்கி ஆறவிடுங்கள்' என்று ஆரம்பித்திருக்கிறது. எதை இறக்குவது என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். சுங்கை ஊடாங்கிலிருந்து வந்த மாதா கோவில் பாடலில் 'ஆமென்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்புறம் தோட்டத்துக் குறிப்பு ஒன்று, பேட்டி இரண்டு, கடைசியாக இந்த வரவேற்புரை. மொத்தம் ஆறு.

"இத்தனை நடந்தும் ஏன் யாரும் விசாரிக்கல?"

"அது வந்து..." திலகவதி குரலைத் தாழ்த்தினாள். "இந்த மூணு மாசத்துல கேக்குறவங்க எண்ணிக்கை ஏறிடுச்சு மேடம்."

மிக்கேல்ராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜன்னலோரம் போய் நின்று கடலைப் பார்த்தபடி தோள் குலுங்கினார்.

ராகினி மட்டும் நோட்டை விடவில்லை. சமையலில் டத்தோ இல்லை, ஆமென்னிலும் டத்தோ இல்லை. அப்படியானால் வெட்டியவனுக்கு டத்தோமேல் கோபம் இல்லை. ஆறிலும் போனது தலைதான், வால் ஒருமுறைகூடப் போகவில்லை. நிலையத்திலேயே பதிவான நிகழ்ச்சி ஒன்றுக்கும் சேதமில்லை. வெளியூரிலிருந்து இணையம் வழியே வந்தவற்றுக்குத்தான் தலை போயிருக்கிறது. அந்தக் கோப்புகளை வாங்கி வைக்கிற சர்வர், மேசைக்கடியில் தூசி படிந்த கறுப்புப் பெட்டியாக முனகிக்கொண்டிருந்தது.

"சுங்கை ஊடாங் பாட்டு போக, மிச்சம் அஞ்சும் யாரு அனுப்பினது?"

"சுங்கை ரம்பாய் பாக்கியலட்சுமி ஆண்ட்டி."

"அம்புட்டுதான்," என்றார் மிக்கேல்ராஜ். "மேடம், கைவிலங்கு இருக்கா, இல்ல போற வழியில வாங்கணுமா?"

சுங்கை ரம்பாய் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. மைவி காரின் பின்சீட்டில் யுவனேஸ்வரன் நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தான். மெர்லிமாவ் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

பாக்கியலட்சுமி தோட்டத்து கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்ட மாத்திரத்தில் கொதித்துவிட்டார்.

"நானா வெட்டினேன்? வீரப்பன் வரவேற்புரை பேசினதை முன் வரிசையில உக்காந்து, கை வலிக்க வலிக்க போனைத் தூக்கிப் பிடிச்சுப் பதிவு பண்ணினவ நானு! அந்தப் பதினாலு நிமிஷத்துல எனக்கும் ஒரு 'அவர்களே' இருந்துச்சும்மா! என் பேரை நானே வெட்டுவனா?"

இது வலுவான வாதம். மிக்கேல்ராஜ் கைவிலங்குப் பேச்சை விட்டுவிட்டு, அவர் கொடுத்த முறுக்கை எடுத்துக்கொண்டார்.

ஆண்ட்டியின் லேப்டாப்பில் முழுப் பதிவும் பத்திரமாக இருந்தது. முழு இருபத்து மூன்று நிமிஷம், 'கோ' உட்பட. அப்படியானால் தலை போனது இங்கே இல்லை, வழியில் எங்கோ. ராகினியின் கண் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய நாட்காட்டிமேல் விழுந்தது. சில தேதிகளில் சிவப்புப் பெருக்கல் குறி.

"இது என்னா ஆண்ட்டி?"

"மழை வந்தா இங்க இணையம் செத்துப்போவும். போன் கம்பெனிக்காரன்கிட்ட சண்டை போடத் தேதி வேணும்ல, அதான் குறிச்சு வைக்கிறேன்."

ராகினி கையோடு கொண்டுவந்த நோட்டையும் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்தாள். ஐந்து நிகழ்ச்சி, ஐந்து தேதி. ஐந்திலும் சிவப்புக் குறி.

"அண்ணே, திருடன் மழையில மட்டும்தான் வர்றான்."

"நம்ம ஊருல மழையில பீட்சாகாரன்கூட வர மாட்டான் மேடம். பொறுப்பான திருடன்தான்."

கோப்பு அனுப்புகிற மென்பொருள், தான் செய்ததை எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருந்தது. ராகினி வரவேற்புரை அனுப்பிய அன்றைய வரிகளை வாய்விட்டுப் படித்தாள். "அறுபத்தொரு சதம் சென்றது. இணைப்பு துண்டிப்பு. மீண்டும் இணைப்பு. கேள்வி: அறுபத்தொன்றிலிருந்து தொடரலாமா? சர்வரின் பதில்: ஓகே. நூறு சதம் முடிந்தது."

"பச்சை டிக்கும் வந்துச்சும்மா," என்றார் பாக்கியலட்சுமி.

யுவனேஸ்வரன் விரல்விட்டு எண்ணினான். "இருபத்து மூணுல அறுபத்தொரு சதம்னா பதினாலு நிமிஷம்க்கா! காணாமப் போனது அதேதான்!"

"ஆனா பொட்டிதான் ஓகேன்னு சொல்லியிருக்கே," என்றார் மிக்கேல்ராஜ். "ஓகேன்னா ஓகேதானே?"

மணி இரண்டு. திரும்பும்போதும் காரை மிக்கேல்ராஜ்தான் ஓட்டினார். இந்தத் துப்பு இதோடு நின்றுவிட்டால் நாலு மணிக்குப் பையன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்று மிக்கேல்ராஜுக்குத் தெரிந்தது. வாய் துடுக்கானதே தவிர, மனசு அப்படி இல்லை. கண்ணாடியில் பையன் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போது அவர் போன் அடித்தது. மனைவி பாட்ரீசியா. காரின் ஒலிபெருக்கியை அணைத்து, காதுக்கருவியில் பேசினார்.

"ஆ... ஓகே. ஓகே மா. ஆமா, ஓகே. சரி, ஓகே." வைத்துவிட்டார்.

"அக்கா என்னா கேட்டாங்க?" என்றாள் ராகினி.

"தெரியாது."

"தெரியாதா? நாலு தடவை ஓகே சொன்னீங்க!"

"மேடம், இருபத்தஞ்சு வருஷக் குடும்பம். கேட்டது புரியலன்னு சொன்னா, முதல்லேர்ந்து திரும்ப ஆரம்பிப்பாங்க. ஓகேன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சது லா."

"அண்ணே, வண்டியை ஓரங்கட்டுங்க!"

மிக்கேல்ராஜ் வாழைப்பழம் பொரிக்கும் ஒரு பிசாங் கோரெங் கடைக்கு முன்னால் நிறுத்தினார். ராகினி முன்சீட்டில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது.

"ஆண்ட்டி லேப்டாப் புதுசு. விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்து அனுப்ப அதுக்குத் தெரியும். கிளேபாங் பொட்டி அரதப் பழசு, அதுக்கு அந்த வித்தை தெரியாது. 'தெரியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, லேப்டாப் முதல்லேர்ந்து முழுசையும் அனுப்பியிருக்கும். இது ஓகேன்னு சொல்லிடுச்சு. லேப்டாப் அதை நம்பி, மிச்சம் முப்பத்தொம்பதை மட்டும் அனுப்பிடுச்சு. பொட்டி அதையே முழுப் பேச்சுன்னு நினைச்சு, ஏற்கெனவே வந்த அறுபத்தொன்னை அழிச்சுட்டு அந்த இடத்துல வெச்சுடுச்சு. அதான் எப்பவும் தலை மட்டும் போகுது!"

"அப்ப வெட்டினது யாருமே இல்லையா?" யுவனேஸ்வரன் சீட்டு நுனிக்கு வந்துவிட்டான்.

"மனுஷன் யாரும் வெட்டல. ஆனா ஒண்ணு இடிக்குது. பழைய பொட்டிங்க முரடா இருக்கும், பொய் சொல்லாது. தெரியலன்னா சிவப்பு எழுத்துல 'முடியாது'ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லும். மூணு மாசத்துக்கு முன்னால யாரோ இதுக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்திருக்காங்க. இதைப் பராமரிக்கிறது யாரு?"

"டவுன்ல குகன். கணினிக் கடை."

ராகினி இறங்கி, கடையின் கூரைக்கடியில் நின்று குகனை அழைத்தாள். கார்க் கண்ணாடி வழியே மிக்கேல்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவள் அதட்டினாள். பிறகு கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரும்பி வந்தபோது போனில் ஏதோ ஒரு படம் வந்திருந்தது. என்னவென்று சொல்ல மறுத்துவிட்டாள்.

அதற்குள் பாட்ரீசியா மறுபடி அழைத்திருந்தார். திருவிழாப் பாடற்குழுவில் தனியாக ஒரு பாட்டுப் பாட மிக்கேல்ராஜ் சம்மதித்துவிட்டதாகவும், ஃபாதரிடம் பெயர் கொடுத்தாகிவிட்டது என்றும் தெரிந்தது. அவர் அதற்கும் ஓகே என்றார்.

நாலு மணிக்கு டத்தோ பெரியதம்பி பாத்தேக் சட்டையில் வந்து இறங்கினார். பின்னால் தொங்கு பையோடு டிரைவர். திலகவதி ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். மேசைமேல் தட்டச்சு செய்த கடிதம், பக்கத்தில் பேனா.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க டத்தோ," என்றாள் ராகினி. "குற்றவாளியை நீங்களே விசாரிக்கலாம். மேசைக்கடியிலதான் இருக்கான்."

டத்தோ குனிந்து பார்த்தார். மழையும் ஓகேயும் அறுபத்தொரு சதமும் விளக்கப்பட்டன. அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. ராகினி சர்வரோடு நேரடியாகப் பேசுகிற கறுப்புத் திரையைத் திறந்து, மிக்கேல்ராஜிடம் விசைப்பலகையைத் தள்ளினாள். "கேளுங்கண்ணே, எதை வேணும்னாலும்."

மிக்கேல்ராஜ் ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் தட்டினார். பறப்பாயா?

திரையில் சர்வரின் வழக்கமான சம்மத எண்ணோடு வந்தது: 200 ஓகே.

டீ ஆற்றித் தே தாரிக் போடுவாயா? 200 ஓகே.

திருவிழாவில் எனக்குப் பதிலாகப் பாடுவாயா? 200 ஓகே.

"மேடம், இதை வீட்டுக்குக் கொண்டு போகலாமா?"

டத்தோவே குனிந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒன்று தட்டினார். என்ன கேட்டார் என்பதை உடம்பால் மறைத்துக்கொண்டார். அதற்கும் ஓகேதான் வந்திருக்க வேண்டும், நிமிர்ந்தபோது அவர் காது சிவந்திருந்தது.

"எந்த மடையன் இதை இப்படிப் பண்ணி வெச்சது?" என்று கர்ஜித்தார். "இல்லாததை இருக்குன்னு சொல்றதா? தெரியாததைத் தெரியும்னு சொல்றதா? எவன் சொல்லிச் செஞ்சாங்களோ அவனை முதல்ல வெளிய அனுப்புங்க!"

"அனுப்ப முடியாது டத்தோ."

"ஏன்?"

ராகினி போனை அவர் முன்னால் வைத்தாள். குகனின் கடை வேலைத்தாள். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. "படிக்கிறேன் டத்தோ. 'டத்தோ பெரியதம்பி அவர்கள் பேரன் பாடிய பாட்டை அனுப்பியபோது, சர்வர் சிவப்பு எழுத்தில் முடியாது என்று பதில் தந்தது. டத்தோ அவர்களின் உத்தரவு: என் வானொலியில் யாருக்கும், எதற்கும், முடியாது என்ற பதில் போகக் கூடாது.' கீழே உங்க கையெழுத்து."

திலகவதி மூச்சுவிடுவதைத் தள்ளிப்போட்டிருந்தாள். மிக்கேல்ராஜ் விசைப்பலகையை மெல்ல ஓரமாகத் தள்ளி வைத்தார்.

டத்தோ மெல்ல உட்கார்ந்தார். மேசையிலிருந்த கடிதத்தை எடுத்தார், நாலாக மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்தார். யுவனேஸ்வரனைப் பார்க்கவில்லை. மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை, ஆனால் பக்கத்திலிருந்த பேனாவையும் எடுத்து மூடிவைத்தார். அதைப் பார்த்த மிக்கேல்ராஜுக்கு அந்த மனிதர்மேலேயே கொஞ்சம் இரக்கம் வந்தது.

டத்தோ டிரைவரின் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். "வர்ற ஞாயிறு நான் பேச வேண்டியது. இதை இப்படியே பதிவு பண்ணலாமா?"

"பண்ணலாம் டத்தோ! அருமை டத்தோ!" என்றாள் திலகவதி. தாள் இன்னும் அவள் கைக்கு வரவில்லை.

டத்தோ அவளைப் பார்த்தார். பிறகு மேசைக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு தாள்களை யுவனேஸ்வரனிடம் நீட்டினார்.

யுவனேஸ்வரன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். முதல் மூன்று பக்கம் முழுக்க 'அவர்களே'. வேலை கைக்குத் திரும்பி வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஓகே என்று சொல்லிவிடுடா பையா என்று மிக்கேல்ராஜ் உள்ளுக்குள் மன்றாடினார்.

"முடியாது டத்தோ," என்றான் யுவனேஸ்வரன். "உங்களுக்கு எட்டு நிமிஷம்தான். இது இருபத்தஞ்சு வரும். ஆனா நாலாவது பக்கத்துல தோட்டத்துப் பிள்ளைங்க பஸ் இல்லாம நடந்து போறதைப் பத்தி எழுதியிருக்கீங்க. அதுலேர்ந்து ஆரம்பிச்சா எல்லாரும் கேப்பாங்க."

டத்தோ நாலாவது பக்கத்தை வாங்கித் தனக்குள்ளேயே படித்தார். உதடு அசைந்தது. முதல் மூன்று பக்கத்தையும் வாங்கி, கிழித்துவிடாமல் டிரைவரிடம் கொடுத்து, "பத்திரமா வை" என்றார்.

வாசல் வரை போனவர் நின்றார்.

"தம்பி, நாளைக்குப் பதிவுக்கு எத்தனை மணிக்கு வருவே?"

"எட்டு மணிக்கு டத்தோ."

"ஏழரைக்கு வர முடியுமா?"

"முடியாது டத்தோ."

"நல்லது," என்றார் டத்தோ. "எட்டுக்கே வரேன்."